பெர்சிபோலிஸ் டூர்: இடத்துக்கு அஞ்சு ஸ்டார், கூட்டிட்டு போனவங்களுக்கு மூணு

நாகர்கோவில்லேர்ந்து ஈரான் டூர் போகலாமா, எப்படி இருக்கும்னு நாலஞ்சு பேரு கேட்டுட்டே இருந்தாங்க, ஸ்கூல் வேலையில எழுத நேரமே கிட்டல, இன்னைக்கு லீவு, ஒரே இருப்புல எழுதிடுறேன். நாங்க போனது 2024 பிப்ரவரி கடைசியில. அந்த மாசம் 4-ம் தேதிலேர்ந்து இந்தியாக்காரங்க பிளைட்ல வந்தா விசா வேண்டாம், 15 நாள் வரைக்கும் இருக்கலாம்னு ஈரான் சொல்லியிருந்துது, அத வச்சு நம்மூரு டூர் ஆளுங்க ஒருத்தங்க எட்டு நாள் பேக்கேஜ் போட்டாங்க. பேரு வேண்டாம், குறையும் சொல்லப் போறேன். திருவனந்தபுரத்துலேர்ந்து சார்ஜா, சார்ஜாலேர்ந்து ஷிராஸ். மொத்தம் 16 பேரு. அதுல நானும் எனக்க அப்பாவும்.

அப்பாவ பத்தி சொல்லாம இந்த ரிவ்யூ எழுத முடியாது. எங்களுக்கு மயிலாடி, கல்லு சிற்பத்துக்கு பேரு போன ஊரு. அப்பா அம்பது வருஷம் உளி புடிச்ச கை. எங்க சிற்பக்கூடத்துல, தண்ணிப் பானைக்கு மேல சுவத்துல ஒரு போட்டோ ஒட்டியிருக்கும், ஏதோ பழைய வாரப் பத்திரிகைலேர்ந்து கிழிச்சது, ரெண்டு காளை முதுகோட முதுகு ஒட்டி ரெண்டு பக்கமும் பாத்துட்டு கால மடக்கி உக்காந்திருக்கும், அது ஒரு தூணோட தலை. நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போ ஏதோ சாமி வாகனம்னு நினைச்சிருந்தேன். அப்பா "அது பாரசீக ராஜாவுக்க அரண்மனை மக்ளே, நம்ம தூணு தலையில வைக்கிற போதிகை மாதிரியாக்கும், ஆனா உத்தரம் எங்க உக்காரும்னு பாரு, அந்த ரெண்டு தலைக்கும் நடுவுல உள்ள குழியில"ன்னு சொல்லுவாரு. போட்டோல அந்தக் குழி சரியா தெரியாது. அத ஒரு தடவை நேர்ல பாக்கணும்னு அவருக்கு ஆசை. நான் எட்டாங்கிளாஸுக்கு சோசியல் எடுக்குறவ, எனக்கும் ஆசை. அதனாலதான் இந்த டூர்.

இப்ப குறையை முதல்ல சொல்லிடுறேன். அந்த போட்டோல உள்ள அரண்மனை இருக்கிற இடம்தான் பெர்சிபோலிஸ். பேக்கேஜ் நோட்டீஸ்ல பெரிய எழுத்துல "பெர்சிபோலிஸ்"னு போட்டு படமும் போட்டிருந்தாங்க, ஆனா அங்க எங்களுக்கு குடுத்த நேரம் ரெண்டே மணி நேரம். அன்னைக்கு உச்சைக்கு மேல கூட்டிட்டு போன கம்பளக் கடையில மூணு மணி நேரம். கம்பளம் அழகுதான், நெய்யுறவங்க கைவேலைக்கு நான் மரியாதை குடுக்குறேன், ஆனா 2500 வருஷத்து அரண்மனையை விட கடைக்கு ஒரு மணி நேரம் கூட குடுத்தா அது என்ன நியாயம். எனக்கு அன்னைக்கு வந்த வெப்ராளம் கொஞ்ச நஞ்சமில்ல. அப்பா ஒண்ணும் சொல்லல, பஸ் ஜன்னல் வழியா அந்த தூணுங்களையே திரும்பித் திரும்பி பாத்துட்டு வந்தாரு, அதுதான் எனக்கு தாங்கல.

சரி, இடத்துக்கு வரேன். ஷிராஸ்லேர்ந்து வடகிழக்கா ஒரு 60 கிலோமீட்டர். அந்த ஊருக்காரங்க தக்த்-இ ஜம்ஷீத்னு சொல்றாங்க, ஜம்ஷீதோட சிம்மாசனம்னு அர்த்தம், ஜம்ஷீத் அவங்க பழங்கதையில வர்ற ராஜா. உண்மையில கட்ட ஆரம்பிச்சது பாரசீக ராஜா முதலாம் டேரியஸ், கிமு 518 வாக்குல, அப்புறம் மகன் செர்க்சஸ், பேரன் அர்த்தசெர்க்சஸ்னு கட்டிட்டே போயிருக்காங்க. மலை அடிவாரத்துல பாதி பாறையை செதுக்கி பாதி கல்லு அடுக்கி ஒரு பெரிய மேடை, கிட்டத்தட்ட ஒண்ணேகால் லட்சம் சதுர மீட்டர், அதாவது முப்பது ஏக்கருக்கு மேல, அந்த மேடை மேலதான் எல்லா அரண்மனையும். கீழேர்ந்து பாத்தா கோட்டை மாதிரி தெரியும், மேல ஏறினா ஒரே வெட்டவெளி, வானம், தூணு.

ஏறுறதுக்கு ரெண்டு பக்கமா பிரிஞ்சு போயி மேல சேர்ற படிக்கட்டு, ஒரு பக்கத்துக்கு 111 படி. 111ன்னு கேட்டதும் எனக்கு பயம், அப்பாவுக்கு முட்டு வலி. ஆனா ஒரு படி உயரம் பத்து சென்டிமீட்டர் தான் வரும், நாலு இன்ச்சு, நம்ம வீட்டுப் படியெல்லாம் ஆறு ஏழு இன்ச்சு இருக்கும்ல. நீளமான அங்கி போட்ட பெரிய மனுஷங்க தடுக்காம, மூச்சு வாங்காம, கம்பீரமா ஏறி வரணும்னு அப்படி வச்சிருக்கலாம்னு கைடு சொன்னாங்க. அப்பா எங்கயும் நிக்காம ஏறிட்டாரு. பழைய படி தேயாம இருக்க மேல மரப்பலகை போட்டு மூடிருக்காங்க, ஓரத்துல குனிஞ்சு பாத்தா தெரியும், ஒரே கல்லுலேயே நாலஞ்சு படி வெட்டிருக்கான். ஒவ்வொரு படியா செஞ்சு அடுக்கல. அப்பா அத தடவிப் பாத்துட்டே "கல்லு பெருசு கிடைச்சிருக்கு, விடல்ல"ன்னாரு.

மேல ஏறினதும் எல்லா நாட்டு வாசல்னு ஒண்ணு, செர்க்சஸ் கட்டினது, மனுஷத் தலையும் காளை உடம்பும் சிறகும் வச்ச ரெண்டு காவல் உருவம் நம்ம வீடு உயரத்துக்கும் மேல நிக்குது. அதுல 1800கள்ல வந்த வெள்ளக்காரங்க பேரு வெட்டி வச்சிருக்காங்க, ஸ்டான்லி, நியூயார்க் ஹெரால்ட், 1870ன்னு ஒண்ணு தெளிவா தெரியுது. எனக்கு அத பாத்து கோவம்தான் வந்துது. அப்பா அத பாக்கவே இல்ல, அவரு அந்தப் பக்கம் சிறகோட இறகு வரிய ஒண்ணொண்ணா பாத்துட்டு நின்னாரு.

அடுத்தது அபதானா. இதுக்குத்தான் போனோம். டேரியஸ் தொடங்கி செர்க்சஸ் முடிச்ச சபை மண்டபம், உள்ளுக்குள்ள 36 தூணு, மூணு பக்கத்துத் தாழ்வாரத்துல பன்னிரண்டு பன்னிரண்டா 36, மொத்தம் 72, இப்ப நிக்கிறது 13. ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 20 மீட்டர் உயரம். மண்டபம் ஒரு பக்கம் 60 மீட்டர். இதுல உள்ள சூட்சுமம் அப்பா சொல்லித்தான் எனக்கே வெளங்கிச்சு. நம்ம சுசீந்திரம் பிரகாரத்துல நடந்து பாத்திருப்பீங்க, தூணுக்கும் தூணுக்கும் நடுவுல எவ்வளவு நெருக்கம், ஏன்னா மேல கெடக்குறது கல் உத்தரம், கல்லு மேலேர்ந்து அமுக்குனா எவ்வளவு பாரமும் தாங்கும், ஆனா ரெண்டு முனையில மட்டும் புடிச்சு நடுவ தொங்க விட்டா அடிப்பக்கம் விரிசல் விட்டு ஒடிஞ்சிரும், அதனால இடைவெளிய கூட்டவே முடியாது. அபதானால தூணுக்கு தூணு எட்டரை மீட்டருக்கு மேல இருக்கு. கல்லால அது நடக்காது. அப்ப மேல போட்டது மரம். தேவதாரு உத்தரம். மரம் நீளமா கிடைக்கும், வளைஞ்சு குடுக்கும், பாரமும் கம்மி, அதனால தூணை ஒல்லியா, உயரமா, தள்ளித் தள்ளி வைக்க முடிஞ்சிருக்கு, உள்ள நின்னா காடு மாதிரி இல்லாம வெளி மாதிரி இருந்திருக்கும். கல்லுல கட்டின அரண்மனைன்னு நாம நினைக்கிறது உண்மையில பாதி மர அரண்மனை. நம்ம பத்மநாபபுரம் அரண்மனைக்கும் இதுக்கும் நடுவுல சொந்தம் இருக்க மாதிரி எனக்கு தோணிச்சு, காலமும் ஊரும் வேற வேறதான்.

சுவரும் கல்லு இல்ல. சுடாத பச்சை மண் செங்கல். அதெல்லாம் மழையில கரைஞ்சு போச்சு, வாசல் நிலையும் ஜன்னல் சட்டமும் மட்டும் கல்லுங்கிறதால தனியா நிக்குது, சுவரே இல்லாம வாசல் மட்டும் வரிசையா நிக்கிறத முதல்ல பாக்கும்போ ஒண்ணும் புரியாது. யாராவது சொல்லித் தரணும். அதான் சொல்றேன், ரெண்டு மணி நேரம் பத்தாது.

அப்புறம் அந்தக் குழி. தூணு மேல இருக்கிறத கழுத்து வலிக்க பாத்தும் தெரியல, ஆனா கழுகு மூக்கும் சிங்க உடம்பும் வச்ச ஜோடித் தலை ஒண்ண தரையிலேயே வச்சிருக்காங்க, கிட்ட போயி பாக்கலாம், கயிறுக்கு இந்தப் பக்கம் நின்னு. ரெண்டு கழுத்துக்கும் நடுவுல குதிரைச் சேணம் மாதிரி ஒரு பள்ளம், அதுலதான் உத்தரம் குறுக்க வந்து உக்காரும். அப்பா தொடல, காத்துல சாண் போட்டு அளந்தாரு. ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னாரு, "அழகுக்குன்னு வச்சது இல்ல மக்ளே, வேலைக்குன்னு வச்சது, அதுலதான் அழகையும் சேத்திருக்கான்." நம்ம போதிகையும் அதே வேலைதான செய்யுது, தூணுத் தலைய அகலப்படுத்தி உத்தரத்த தாங்குறது. அவரு அம்பது வருஷம் செஞ்ச வேலைய இன்னொரு ஊர்க்காரன் காளையா செஞ்சு வச்சிருக்கான். அடியில தூணு பீடத்த பாத்தா கவிழ்த்து வச்ச மணி, அதுல தாமரை இதழ் மாதிரி வரி வரியா எறங்குது, அது நம்ம கண்ணுக்கு புதுசே இல்ல.

அபதானா கிழக்குப் படிக்கட்டு சுவத்துச் சிற்பம் தனி விஷயம். 23 நாட்டுக்காரங்க காணிக்கை கொண்டு வர்றாங்க, ஒவ்வொரு கூட்டத்து முன்னாலயும் ஒரு ஆளு தலைவரோட கையப் புடிச்சு கூட்டிட்டு வர்றாரு, கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவுல ஒரு சைப்ரஸ் மரம். ஒட்டகம், ஆட்டுக்கடா, வளையல், துணி, தேரு. இந்தியக் கூட்டமும் இருக்கு! வேட்டி மாதிரி இடுப்புத் துணி, மேல சட்டை இல்ல, வெறுங்காலு, ஒருத்தன் தோளுல அப்படியே காவடிக் கம்பு, ரெண்டு பக்கமும் கூடை, கூட ஒரு கழுதை. கூடையில தங்கப் பொடின்னு சொல்றாங்க. இவங்க சிந்து நதிப் பக்கத்து ஆளுங்க, நம்ம பக்கம் இல்ல, ஆனாலும் எங்க கூட்டம் மொத்தமும் அங்க போயி நின்னு போட்டோ எடுத்துச்சு, எனக்கும் கண்ணு கலங்கிச்சு. இன்னொண்ணு கவனிச்சேன், இந்தச் சுவத்துல போரு இல்ல, வெட்டு குத்து இல்ல, கைதிய இழுத்துட்டு வர்ற காட்சி இல்ல. எல்லாரும் நிதானமா நடந்து வர்றாங்க, பின்னால வர்றவன் முன்னால போறவன் தோளத் தொடுறான், ஒருத்தன் திரும்பிப் பேசுறான். இப்ப சாம்பல் கல்லா தெரியிறது அன்னைக்கு முழுக்க கலரு, நீலம், செவப்பு, பச்சை, அந்த வர்ணத் துணுக்கு இன்னும் அங்கங்க கிடைச்சிருக்கு.

இவ்வளவு பாக்குறதுக்குள்ள எங்க டூர் லீடர் விசில் ஊதிட்டாரு. நூறு தூண் மண்டபம் எட்டிப் பாக்கக்கூட இல்ல.

நாலாம் நாள் "ஷாப்பிங், ஓய்வு"ன்னு போட்டிருந்தாங்க. அன்னைக்கு நானும் அப்பாவும் கைடுகிட்ட தனியா பேசி டாக்சி புடிச்சு நேரத்தே எட்டு மணிக்கே திரும்ப பெர்சிபோலிஸ் போயிட்டோம். இந்த டூர்ல நான் செஞ்ச நல்ல காரியம் அதுதான். அந்த கைடு ஷிராஸ்காரப் பொண்ணு, என் வயசுதான் இருக்கும், அப்பா கல்லு வேலைக்காரர்னு தெரிஞ்சதும் நேரா கூட்டிட்டு போனது முடியாத வாசலுக்கு. நூறு தூண் மண்டபத்துக்கு வடக்கால பாதியில நிறுத்தின ஒரு வாசல், ஒரு தூண் துண்டு பாதி உருண்டை பாதி கரடு, ஒரு உருவத்துக்கு முகம் வந்திருக்கு உடம்பு வரல. முடிஞ்ச வேலைய பாத்தா எப்படி செஞ்சான்னு தெரியாது, முடியாத வேலையில எல்லாம் தெரியும். அப்பா அங்க ஒரு மணி நேரத்துக்கு மேல உக்காந்துட்டாரு. முதல்ல முனை உளியால பொளிஞ்ச புள்ளி, அப்புறம் வரி வரியா பல்லு உளி ஓடின தடம், அப்புறம் தேச்ச வழவழப்பு, மூணும் ஒரே கல்லுல. அந்த பல்லு உளி கிரேக்கக் கொத்தனுங்களோட சேந்து வந்துதுன்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்களாம், டேரியசுக்கு முன்னால இருந்த ராஜா சைரஸ், அவரு தலைநகரம் பசர்கடேல முதல்ல கட்டினதுல அந்தத் தடமே கிடையாது, டேரியஸ் காலத்துலதான் வருது. தடத்த வச்சே காலத்த சொல்லலாம்.

கல்லுக்கு கல்லு சுண்ணாம்பு சாந்து இல்ல. ரெண்டு கல்லையும் உரசி உரசி சேர வச்சு, மேல வாலு வாலா பள்ளம் வெட்டி இரும்புக் கட்டு போட்டு ஈயம் காய்ச்சி ஊத்திருக்கான். பின்னால வந்தவங்க அந்த உலோகத்துக்காக தோண்டி எடுத்துட்டாங்க, அதான் எங்க பாத்தாலும் கல்லு சேர்ற இடத்துல ஓட்டை. "இது எங்க கருங்கல்லு மாதிரி இல்ல, கொஞ்சம் மெதுவு, ஆனா மெருகு நல்லா வாங்கும்"னு அப்பா சொன்னத நான் இங்கிலீஷ்ல சொன்னேன், அந்தப் பொண்ணு எழுதி வச்சுக்கிட்டாங்க. மெருகுன்னா டேரியசோட சொந்த அரண்மனை தச்சரா, அதோட ஜன்னல் மாடமெல்லாம் கண்ணாடி மாதிரி, நிழல் தெரியுது. அந்த ஜன்னல் சட்டத்துல "டேரியஸ் ராஜாவின் வீட்டில் செய்த கல் ஜன்னல் சட்டம்"னு வெட்டி வச்சிருக்கு. ஒரு ஜன்னலுக்கு அவ்வளவு பெருமை!

யாரு கட்டினாங்கன்னு அப்பா கேட்டதுக்கு கிடைச்ச பதில்தான் எனக்கு மறக்கவே மறக்காது. டேரியஸ் அவரோட இன்னொரு தலைநகரம் சூசாவுல கட்டின அரண்மனைக்கு ஒரு கல்வெட்டு இருக்கு, அதுல எது எங்கேர்ந்து வந்துது, யாரு செஞ்சதுன்னு வரிசையா சொல்றாரு. தேவதாரு லெபனான் மலையிலேர்ந்து, தங்கம் இப்ப துருக்கில இருக்கிற சார்டிஸ்லேர்ந்தும் ஆப்கானிஸ்தான் பக்கத்து பாக்ட்ரியாலேர்ந்தும், யானைத் தந்தம் எத்தியோப்பியா, இந்தியாலேர்ந்து, கல்லு செதுக்கினவங்க அயோனியாக்காரங்களும் (கிரேக்கருங்கதான்) சார்டிஸ்காரங்களும், செங்கல் சுட்டவங்க பாபிலோன்காரங்க. ராஜா கல்வெட்டுல கல்தச்சனுக்கு ஒரு வரி. பெர்சிபோலிஸ்லேயே 1933ல மண் பலகை ஆயிரக்கணக்குல கிடைச்சிருக்கு, கிமு 509லேர்ந்து 493 வரைக்கும் உள்ள கணக்கு, எந்தக் கூட்டத்துக்கு எவ்வளவு பார்லி, எவ்வளவு ஒயின்னு. பிள்ள பெத்த பொம்பளைக்கு தனி ரேஷன், அதுலயும் ஆம்பளப் பிள்ளைன்னா ரெண்டு மடங்கு, அதக் கேட்டு கைடும் நானும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். கிமு 330ல அலெக்சாண்டர் படை எரிச்சப்போ மேல கூரை மரம் பத்தினதுதான் எல்லாத்தையும் கீழ கொண்டு வந்துது, ஆனா இந்த மண் பலகைங்க தப்பிச்சுது.

மத்ததெல்லாம் சுருக்கமா. நக்ஷ்-இ ருஸ்தம் பக்கத்துலதான், கட்டாயம் போங்க, மலை முகத்துல சிலுவை மாதிரி வெட்டின நாலு ராஜா சமாதி, அதுல நடு வரியில அரண்மனை முகப்பையே அப்படியே செதுக்கி வச்சிருக்கு, காளைத் தலை தூணு, மேல உத்தரம், கூரை ஓரம் எல்லாம். பெர்சிபோலிஸ் கூரை எப்படி இருந்திருக்கும்னு பாக்கணும்னா இங்கதான் தெரியும், அதனால பெர்சிபோலிஸ் பாத்துட்டு இங்க வாங்க, மாத்தி போகாதீங்க. பசர்கடே கொஞ்சம் தூரம், சைரஸ் சமாதி ஆறு அடுக்கு மேடை மேல ஒரு சின்னக் கல்லு வீடு, அவ்வளவு பெரிய ராஜாவுக்கு அவ்வளவு எளிமை, அது மனசுல தங்கிடுது. தோட்டத்துக்கு தண்ணி ஓடின கல்லு வாய்க்கால் இன்னும் இருக்கு. பிரூசாபாத்ல அர்தஷீர் அரண்மனை, இது பின்னால வந்த சாசானிய ராஜா, கிபி 224ல ஆட்சிய புடிச்சவரு. இங்க தூணே இல்ல, கரடுக் கல்லும் சாந்தும் வச்சு சதுர ரூமுக்கு மேல மூலைக்கு மூலை சின்ன வளைவு குடுத்து வட்ட டோம் ஏத்திருக்காங்க. ஒரே நாட்டுக்காரங்க எழுநூறு வருஷத்துல மரக் கூரையிலேர்ந்து டோமுக்கு வந்திருக்காங்க, அதுவும் இந்த டூர்ல இருந்துது, அதுக்கு நன்றி சொல்லணும்.

சர்வீஸ் பத்தி. ஹோட்டல் கொள்ளாம், சுத்தம். சாப்பாடு குங்குமப்பூ சோறும் கபாபும்தான் திரும்பத் திரும்ப, அப்பாவுக்கு மூணாம் நாளே மரச்சீனியும் மீன்கறியும் ஓர்மை வந்துருச்சு, ஊறுகா பாட்டில் கொண்டு போங்க. நம்ம ஏடிஎம் கார்டு எதுவும் அங்க வேலை செய்யாது, டாலரோ யூரோவோ கையில வேணும், இத டூர்காரங்க கிளம்புறதுக்கு முந்தின நாள்தான் சொன்னாங்க, அது தப்பு. பொம்பளைங்க தலையில ஷால் போடணும், காட்டன் ஷால் எடுத்துக்கோங்க, பட்டு வழுக்கும். பில்லு ரியால்ல இருக்கும், வாயில தோமான்ல சொல்லுவாங்க, பத்து ரியால் ஒரு தோமான், குழம்பாம கேட்டு குடுங்க. நம்மூரு லீடர் தங்கமான மனுஷன், வயசானவங்கள நல்லா கவனிச்சாரு, ஆனா கைடு பத்து நிமிஷம் இங்கிலீஷ்ல சொல்றத அவரு தமிழ்ல ஒரு வரியில முடிச்சிருவாரு, இங்கிலீஷ் தெரியாதவங்களுக்கு பாதி டூர் போச்சு. அந்த உள்ளூர் கைடுக்கு மட்டும் தனியா அஞ்சு ஸ்டார்.

திரும்பி வந்ததும் ஆபீஸுக்கே நேர்ல போயி சொன்னேன், பெர்சிபோலிஸுக்கு முழு நாள் குடுங்க, கம்பளக் கடைய விருப்பமுள்ளவங்களுக்கு மட்டும் வைங்கன்னு. மறுப்பு சொல்லல, குறிச்சு வச்சுக்கிட்டாங்க, மாத்தினாங்களா தெரியணும்னா நீங்க பணம் கட்டுறதுக்கு முன்னால நாள் வாரியான புரோகிராம கேட்டு வாங்கி நேரத்தோட பாருங்க. விசா ரூலும் அந்தப் பக்கத்து நிலவரமும் மாறிட்டே இருக்கு, அதையும் அன்னன்னைக்கு விசாரிச்சுக்கோங்க. போறவங்க தொப்பி, தண்ணி, நல்ல செருப்பு எடுத்துக்கிட்டு காலையில முதல் ஆளா உள்ள போங்க, வெயில் சாஞ்சு விழும்போதான் செதுக்குன வரி நல்லா எழும்பித் தெரியும், உச்சைக்கு எல்லாம் தட்டையா போயிரும், இத எனக்கு சொன்னது அப்பா. அந்தப் பழைய போட்டோவ அவரு இன்னும் எடுக்கல, பக்கத்துல நான் எடுத்த போட்டோவ ஒட்டிருக்காரு, குழி தெளிவா தெரியிற மாதிரி ஒண்ணு.